நாலரை மணிக்கு வரும் பிழை

கேள்வி: அக்கா, கோத்தகிரி பக்கத்தில் ஒரு டீ பேக்டரி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். பசுந்தேயிலை எடைக் கணக்கு முழுவதும் இணையத்தில் உள்ள ஒரு சர்வரில் ஏறுகிறது. இலை ஏஜெண்டுகள் நாற்பது பேரும் எடை போட்ட இடத்திலிருந்தே போனில் பதிவு செய்வார்கள். நவம்பர் வந்தால் போதும், சாயங்காலம் நாலரைக்கு மேல் 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்று வந்து எல்லாம் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிடும். போன வருஷமும் இப்படித்தான், மார்ச்சில் நின்றது. மழையில் லைன் கெடுகிறது என்கிறார் மேனேஜர். ரவுட்டர் மாற்றினோம், கேபிள் மாற்றினோம். புரோகிராம் எழுதிக் கொடுத்த தம்பி கனெக்‌ஷன் அளவைக் கூட்டினார். அப்படியும் வருகிறது. எங்கே தேடுவது?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: நவம்பரில் வந்து மார்ச்சில் போகும் என்று சொன்னால் நம் ஊரில் யாரும் முதலில் மழையைத்தான் கைகாட்டுவார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். கூடலூர், பந்தலூருக்கு ஜூன் மாத மழை என்றால், கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் வடகிழக்கு மழைதான் ஆளை அசைப்பது. அது முடிந்ததும் உறைபனி. மரம் விழும், கேபிள் அறுந்து தொங்கும். ஆனால் மழை என்ன கடிகாரம் பார்த்தா பெய்கிறது?

கடிதத்தைப் படித்ததும் இந்த வாசகிக்குப் போன் செய்தேன். "பிழை வந்த நேரத்தை எங்காவது எழுதி வைத்திருக்கிறாயா?" என்றேன். "இலை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன் அக்கா, மேனேஜர் கேட்டால் காட்டலாமே என்று" என்றாள். எனக்கு வாயெல்லாம் பல். இருபத்தைந்து வருஷம் குன்னூரில் ஒரு பேக்டரியில் கணக்கெழுதி, அங்கேயே கம்ப்யூட்டரும் பழகியவள் நான். சொந்த அனுபவத்தில் சொல்கிறேன், பத்தாயிரம் ரூபாய் ரவுட்டரைவிட அந்தக் கடைசிப் பக்கம் பெறுமானம் உள்ளது.

படிக்கச் சொன்னேன். முதல் பதிவு 2024 நவம்பர் 4, திங்கள். அந்த சீசனின் கடைசிப் பதிவு 2025 மார்ச் 8, சனி. அப்புறம் எட்டு மாதம் ஒன்றுமில்லை. மறுபடி 2025 நவம்பர் 3, திங்கள். இரண்டு வருஷமும் நவம்பர் முதல் ஞாயிறு கழிந்த மறுநாள்! நேரங்களைக் கேட்டேன். 4.32, 4.32, 4.33, 4.32. டிசம்பரில் 'கனெக்‌ஷன் 500 ஆக்கியாச்சு' என்று ஒரு வரி. அதற்குப் பிறகு 4.36, 4.37, 4.36. "நாலு நிமிஷம் தள்ளிப் போயிருக்கிறதே, முன்னேற்றம்தான்" என்றாராம் அந்தத் தம்பி.

இந்தப் பிழைக்கு என்ன அர்த்தம் என்பதை முதலில் பார்ப்போம். உங்கள் கணக்கைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல், ஒரே சமயத்தில் எத்தனை இணைப்புகளை உள்ளே விடும் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. யாரும் மாற்றாவிட்டால் 151. வந்தவர்கள் வேலையை முடித்துக்கொண்டு உடனே இறங்கினால் நாற்பது ஏஜெண்டுகளுக்கு அதில் பாதிகூடத் தேவைப்படாது. 151 நிறைகிறது என்றால் ஏறியவர்கள் இறங்கவில்லை. மினிபஸ்ஸின் கதவு திறக்காமல் மக்கர் செய்தால், கண்டக்டர் சீட்டைக் கூட்டி என்ன பயன்? கொஞ்சம் கழித்து அதுவும் நிறையும்.

எவ்வளவு கழித்து என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். அவர்களுடைய ஆப் முப்பது விநாடி பதிலுக்குக் காத்திருக்கும். வராவிட்டால் மறுபடி அனுப்பும். பழைய கோரிக்கை அந்தப் பக்கம் சர்வரில் செத்துப்போகவில்லை, காத்துக்கொண்டே இருக்கிறது. போன் மட்டும்தான் அதை மறந்துவிட்டது. ஆக நாற்பது போன், நிமிஷத்துக்கு இரண்டு தடவை, 80 இணைப்பு. 151 நிறைய இரண்டு நிமிஷம். 500 நிறைய ஆறேகால் நிமிஷம். நோட்டைப் பாருங்கள். 4.32இலிருந்து இரண்டைக் கழித்தால் 4.30. 4.36இலிருந்து ஆறைக் கழித்தாலும் 4.30. அந்தத் தம்பி கூட்டிய வரம்பு பிழையைக் குணப்படுத்தவில்லை, ஆனால் அது எந்த நிமிஷத்தில் பிறக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிட்டது. இந்தக் கழித்தல் பொருந்தியபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பேப்பரை இறக்கவே இல்லை.

சரியாக நாலரை என்றால் அது மழையின் வேலையாக இருக்க முடியாது. மனுஷன் யாரோ எதற்கோ நேரம் குறித்து வைத்திருக்கிறான்.

அடுத்த வியாழக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். கட்டபெட்டு தாண்டும்போதே பனிமூட்டம், முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஆபீஸில் டீயும் வர்க்கியும் கொடுத்தார்கள். நாலு இருபத்தைந்துக்கே சர்வருக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டேன். (நெரிசல் தொடங்கிய பிறகும் நிர்வாகி உள்ளே போகலாம், அவருக்கென்று ஒரு இடத்தை மைஎஸ்க்யூஎல் தனியாக வைத்திருக்கும். ஆனால் புரோகிராமே நிர்வாகியின் பெயரில் நுழைந்துகொண்டிருந்தால் அந்த இடமும் போய்விடும். இங்கே அப்படித்தான் இருந்தது.) 'ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்' என்று அடித்தால் அந்த நொடியில் உள்ளே யார் யார் என்ன செய்கிறார்கள் என்று பட்டியல் வரும். அதைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

4.29 வரை மூன்று நாலு வரிகள், வருவதும் போவதுமாக. 4.30க்கு ஒரு புது வரி வந்தது. தராசுப் புகைப்படங்கள் உள்ள டேபிளை அடியோடு அள்ளி எடுத்துக்கொண்டிருக்கும் ஒரு 'செலக்ட்', அதாவது படிக்கும் கட்டளை. அதன் கீழே ஒவ்வொன்றாக எடைப் பதிவுகள் வந்து நின்றன. எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே வாசகம்: 'வெயிட்டிங் ஃபார் டேபிள் மெட்டாடேட்டா லாக்'. பூட்டு திறக்கக் காத்திருக்கிறேன் என்று பொருள். பத்து, முப்பது, எண்பது என்று பட்டியல் நீண்டது. பக்கத்தில் நின்ற வாசகி "இதுதானா அக்கா?" என்றாள், ஏதோ பாம்பைக் காட்டியதுபோல.

பூட்டியது பேக்கப். 'மைஎஸ்க்யூஎல்டம்ப்' என்ற கருவியைச் சும்மா ஓட்டினால், நகல் எடுத்து முடிகிற வரை அந்த டேட்டாபேஸின் எல்லா டேபிள்களையும் எழுத முடியாதபடி பூட்டிவிடும். படிக்கலாம், எழுத முடியாது. அதனால்தான் ஆபீஸில் ரிப்போர்ட் பார்த்தவர்களுக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியவில்லை, எடை பதிகிறவர்கள்தான் மாட்டினார்கள். தராசின் புகைப்படத்தையும் டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டு வைத்திருந்தார்கள். அது வருஷா வருஷம் பெருத்து, பன்னிரண்டு நிமிஷப் பூட்டாகிவிட்டது. முதல் வருஷம் ஒரு நிமிஷம்தான் பூட்டியிருக்கும், யார் கவனித்திருப்பார்கள்?

நேரக் குறிப்பைத் திறந்து பார்த்தால் 'காலை 6.00' என்று இருக்கிறது. சாயங்காலம் நாலரைக்கு ஓடுகிறதே? சர்வரிடம் மணி கேட்டேன். காலை 6.07 என்றது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருக்கிற சர்வர், அந்த ஊர் மணியைக் காட்டுகிறது. அந்தத் தம்பி நினைத்தது நம் காலை ஆறு மணி, ஏஜெண்டுகள் எழுந்து பல் தேய்க்கும் நேரம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மணி கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் வருஷம் முழுக்க வரவேண்டுமே, ஏன் நவம்பர் முதல் மார்ச் வரை மட்டும்? இதற்கு விடை தெரியாமல்தான் அன்று பஸ் ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை விடை தானாக வந்தது. அதே கிழக்குக் கரையில், நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன் வாரா வாரம் அவனுடைய ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூப்பிடுவான். கோடையில் நமக்கு அது மாலை ஐந்தரை. நவம்பரிலிருந்து ஆறரை. அங்கே மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பழையபடி பின்னே இழுப்பார்கள். 2007 முதல் இந்தத் தேதிகள்தான். நம் நாட்டில் இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அப்படி ஒன்று இருந்தது, பிறகு கைவிட்டுவிட்டோம்.

ஆக கோடையில் அந்த 'காலை ஆறு' நமக்குப் பிற்பகல் 3.30. மத்தியான எடை முடிந்து, சாயங்கால எடை தொடங்காத நேரம். போன்களெல்லாம் பாக்கெட்டில். அப்போதும் தினமும் பூட்டத்தான் பூட்டியது, தட்டுவதற்குத்தான் ஆளில்லை. நவம்பரில் அதே பேக்கப் 4.30க்கு நகர்ந்து, எடை போடும் அவசரத்தின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. வடகிழக்கு மழை அதே மாதத்தில் வந்தது தற்செயல். பாவம், மழை மேல் பழி.

செய்தது இவ்வளவுதான். பேக்கப் கட்டளையில் 'சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன்' என்ற விருப்பத்தைச் சேர்த்தோம். அது பூட்டாமல், தொடங்கிய நொடியில் தரவு எப்படி இருந்ததோ அப்படியே நகல் எடுக்கும். மைஎஸ்க்யூஎல்லில் டேபிள்களைச் சேமிக்கும் வகைகள் பல உண்டு, அதில் இன்னோடிபி வகை டேபிள்களுக்கு மட்டும்தான் இது செல்லும், பழைய மைஐஸாம் வகை டேபிள் ஒன்று மிச்சமிருந்ததை மாற்றிக்கொண்டோம். சர்வரின் கடிகாரத்தை முன்னே பின்னே போகாத உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றி, பேக்கப்பை 20.30க்கு வைத்தோம், நமக்கு இரவு இரண்டு மணி. புரோகிராமுக்குத் தனிப் பயனர் பெயர். கனெக்‌ஷன் வரம்பு திரும்பவும் 151. புகைப்படங்களை வெளியே எடுக்கும் வேலை அந்தத் தம்பியிடம் இருக்கிறது, செய்வதாகச் சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.

ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தாலும் 2026 மார்ச் 8 ஞாயிறோடு பிழை நின்றிருக்கும். அந்த வாரம் யார் எதை மாற்றியிருந்தாலும் அவருக்குத்தான் பேர் போயிருக்கும். போன மார்ச்சில் ரவுட்டர் விற்றவருக்கு அப்படித்தான் போனது.

கேள்வி: கூடலூரில் மலைச்சரக்குக் கடை வைத்திருக்கிறேன். மிளகு, காப்பி கொள்முதல் கணக்கு கடைக் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. ஆடி மழையில் கரண்ட் போகும் போதெல்லாம் 'டேபிள் கிராஷ் ஆகிவிட்டது, ரிப்பேர் செய்யவும்' என்று வருகிறது. ரிப்பேர் செய்தால் ஓடுகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை செய்கிறேன். இதனால் கெடுதல் உண்டா?
- ஒரு வாசகர், கூடலூர்

பதில்: உண்டு அண்ணா. ரிப்பேர் என்பது சில சமயம் படிக்க முடியாத வரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை ஒழுங்கு செய்வது. 'சரி' என்று வரும், ஆனால் யாரோ ஒருவரின் முப்பது கிலோ மிளகு காணாமல் போயிருக்கும். இனி ஒவ்வொரு தடவையும் ரிப்பேருக்கு முன் அந்த ஃபைல்களை அப்படியே வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். முடிந்தபின் கடைசி இருபது ரசீதுகளைக் கையால் ஒப்பிடுங்கள்.

காரணம் என்னவென்று உங்கள் பிழைச் செய்தியிலேயே தெரிகிறது. உங்கள் டேபிள்கள் மைஐஸாம் வகை. நம் பழைய கடைகளில் சிட்டை, பேரேடு என்று இரண்டு இருக்குமே, நினைவிருக்கிறதா? நடந்ததை நடந்தபடி சிட்டையில் எழுதிவிட்டு, அப்புறம் நிதானமாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது விளக்கு அணைந்தால் நஷ்டமில்லை, சிட்டையைப் பார்த்து மறுபடி ஏற்றலாம். மைஐஸாமுக்குச் சிட்டை கிடையாது, நேராகப் பேரேட்டில் எழுதும். பாதி எழுத்தில் கரண்ட் போனால் தரவு ஒரு பக்கம், அதைத் தேட உதவும் இன்டெக்ஸ் ஒரு பக்கம். இன்னோடிபி சிட்டை வைத்துக்கொள்ளும் வகை. மறுபடி மெஷினைப் போட்டதும் தானே சிட்டையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். மைஎஸ்க்யூஎல் 5.5இலிருந்து, அதாவது 2010இலிருந்து, புதிதாக உண்டாக்கும் டேபிள்கள் யாரும் வேறு சொல்லாவிட்டால் இன்னோடிபிதான். உங்களிடம் இருப்பது அதற்கும் முந்தைய காலத்துப் புரோகிராம் என்று நினைக்கிறேன்.

மாற்றுவது ஒரு டேபிளுக்கு ஒரே வரிக் கட்டளை. முழு பேக்கப் எடுத்த பிறகு, கடை மூடிய பிறகு. இணையத்தில் சிலர் "வேகமாக ஓட, ஒவ்வொரு பதிவுக்கும் சிட்டையை டிஸ்க்கில் எழுதுவதை நிறுத்து" என்று ஒரு அமைப்பை மாற்றச் சொல்வார்கள். கரண்ட் போகும் ஊரில் அதைக் கேட்காதீர்கள். யுபிஎஸ் வாங்க வேண்டுமா என்றால், வாங்குங்கள், ஆனால் பேட்டரி செத்தபின்னும் அதை மேஜைக்கடியில் அலங்காரமாக வைத்திருக்கும் கடைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பாக்ஸ்புரோ என்ற பழைய டேட்டாபேஸ் மென்பொருள் காலத்தில் எங்கள் பேக்டரியில் கரண்ட் வந்ததும் முதல் வேலை 'ரீஇன்டெக்ஸ்' அடிப்பது. சாமி விளக்கு ஏற்றுவதுபோல, ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஒரு மாதம் போனஸ் பட்டியலில் இரண்டு பேர் விடுபட்ட பிறகுதான் கேட்டோம்.

கேள்வி: எங்கள் ரசீது எண் 32767 வரை வந்தது. அதற்கு மேல் 'டூப்ளிகேட் என்ட்ரி 32767' என்று நிற்கிறது. ஒரு ரசீதுதான் அந்த எண்ணில் இருக்கிறது. வைரஸா?
- ஒரு வாசகர், குன்னூர்

பதில்: வைரஸ் இல்லை, பாத்திரம் சின்னது. 'ஸ்மால்இன்ட்' என்ற வகையில் 32767க்கு மேல் கொள்ளாது. அடுத்த எண்ணுக்கு இடமில்லாமல் அதே எண்ணை மறுபடி எழுதப் பார்க்கிறது, ஏற்கெனவே இருப்பதால் இடிக்கிறது. 127இல் நின்றால் 'டைனிஇன்ட்'. 'இன்ட்' ஆக்குங்கள், 214 கோடிக்கு மேல் போகும், உங்கள் பேரன் காலத்துக்கும் வரும். இந்த ரசீது எண்ணைச் சேமிக்கும் மற்ற டேபிள்களிலும் மாற்ற வேண்டும், அதை விட்டுவிட்டு மறுநாள் போன் செய்யாதீர்கள்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல்லில் 'மை' என்றால் 'என்னுடைய' என்று அர்த்தமா?
- ஒரு மாணவி, அரவேனு

பதில்: எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இதை உண்டாக்கியவர்களில் ஒருவரான பின்லாந்துக்காரர் மைக்கேல் விடேனியஸின் மூத்த மகள் பெயர் மை. 1995இல் வந்தது. பிறகு அது கைமாறி 2010இல் ஆரக்கிள் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அவர் 2009இலேயே தனியாகப் பிரித்துத் தொடங்கிவிட்ட மரியாடிபிக்கு இளைய மகள் மரியாவின் பெயர். நடுவில் மகன் மேக்ஸ் பெயரிலும் மேக்ஸ்டிபி என்று ஒன்று வந்தது. குடும்ப அட்டை மாதிரி இருக்கிறது இல்லையா?

கேள்வி: எங்கள் ஹட்டி (படகர் ஊர்) சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அடிக்கடி சில பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக மாறிவிடுகின்றன. சரிசெய்து வைத்தால் அடுத்த மாதம் வேறு சில பெயர்கள். யார் மாற்றுகிறார்கள்?
- ஒரு வாசகர், எடப்பள்ளி

பதில்: கேள்விக்குறிகளை எண்ணிப் பார்த்தீர்களா? லட்சுமி என்ற பெயருக்கு ஏழு கேள்விக்குறி இருக்க வேண்டும். ல, ட, புள்ளி, ச, உகரக் கொக்கி, ம, இகரக் கொக்கி. ஏழு இருந்தால் டேட்டாபேஸுக்குப் போகிற வழியில் எங்கேயோ 'எனக்குத் தமிழ் தெரியாது' என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புகிறார். அது சேமித்ததும் மூல எழுத்து போயே போய்விட்டது, மீட்க முடியாது. பழைய பேக்கப்தான் கதி.

மாறாக, தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' முத்திரையுமாகக் குப்பை போலத் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாக எடுத்துக்கொண்ட குழப்பம் அது. பெயர் உள்ளே பத்திரமாக இருக்கும், மீட்கலாம்.

எல்லாப் பெயரும் மாறாமல் சில மட்டும் மாறுகின்றன என்பதுதான் உங்களுக்குத் துப்பு. மாறிய பெயர்களை யார் எந்தக் கம்ப்யூட்டரில் திருத்தினார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு இடமாக இருக்கும், பழைய புரோகிராம், இணைப்பில் தமிழ் எழுத்தே இல்லாத 'லத்தீன்1' என்று இருக்கும். அதை 'யுடிஎஃப்8எம்பி4' ஆக்குங்கள். வெறும் 'யுடிஎஃப்8' போதாதா என்றால், தமிழுக்குப் போதும், ஆனால் மைஎஸ்க்யூஎல்லின் பழைய 'யுடிஎஃப்8' மூன்று பைட்டோடு நின்றுவிடும். நாலு பைட் பிடிக்கும் பொம்மைப் படங்களை வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும் ஆள் சங்கத்தில் ஒருவராவது இருப்பார்.

கேள்வி: மாதம் ஒரு தடவை 'எரர் 28' வந்து எல்லாம் நிற்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் ஒரு நாள் ஓடும்.
- ஒரு வாசகர், ஊட்டி

பதில்: லினக்ஸில் 28 என்றால் டிஸ்க்கில் இடமில்லை. தரவில் நடக்கும் மாற்றங்களை எழுதி வைக்கும் பைனரி லாக் என்ற குறிப்புகள் சேர்ந்திருக்கும், மைஎஸ்க்யூஎல் 8இல் யாரும் மாற்றாவிட்டால் 30 நாளுக்கு வைத்துக்கொள்ளும். நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஃபைல்களைக் கையால் அழிக்காதீர்கள், 'பர்ஜ் பைனரி லாக்ஸ்' கட்டளையால் மட்டும் அழியுங்கள்.

கேள்வி: வட்டக்கானலில் ஆறு அறை ஹோம்ஸ்டே நடத்துகிறோம். முன்பு புக்கிங் செய்யும்போது அடிக்கடி 'டூப்ளிகேட் என்ட்ரி' என்று பிழை வந்து தொல்லையாக இருந்தது. புரோகிராம் எழுதியவர் எதையோ எடுத்துவிட்டார், பிழை நின்றது. ஆனால் போன மே மாதம் ஒரே அறைக்கு இரண்டு குடும்பங்கள் வந்து நின்றன. இரண்டு பேரும் இ-பாஸ் எடுத்து, மதுரையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வந்தவர்கள். இரவு ஏழு மணி, குழந்தைகளோடு. இரண்டு விஷயத்துக்கும் சம்பந்தம் உண்டா?
- ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: அவர் எடுத்தது வீட்டு வாசற்கதவை அம்மா. கதவு அடிக்கடி இடிக்கிறது என்று கதவையே கழற்றிவிட்டார்.

அறை எண்ணும் தேதியும் சேர்ந்து ஒரு தடவைக்கு மேல் வரக்கூடாது என்று டேபிளில் ஒரு விதி இருந்திருக்கும், 'யுனீக் கீ' என்பார்கள். இரண்டாவது ஆள் அதே அறையைப் பதியும்போது வந்த பிழை அந்த விதியின் குரல். அது வந்தபோதெல்லாம் உங்களை ஒரு சண்டையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. வந்திருக்க வேண்டிய பிழை அது, வாடிக்கையாளர் கண்ணில் ஆங்கிலத்தில் வந்ததுதான் தப்பு.

"எங்கள் புரோகிராம்தான் காலியா என்று பார்த்துவிட்டுத்தானே பதிகிறது?" என்று அவர் சொல்வார். பார்க்கிறது. மதுரைக்காரர் காலியா என்று பார்த்தார், காலி. அரை விநாடி கழித்து ஈரோட்டுக்காரர் பார்த்தார், இன்னும் காலிதான், ஏனென்றால் மதுரைக்காரர் பணம் கட்டும் பக்கத்தில் இருக்கிறார். இருவரும் பதிந்தார்கள். பார்ப்பதற்கும் பதிவதற்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைப் புரோகிராமில் 'இஃப்' போட்டு அடைக்க முடியாது, டேட்டாபேஸ்தான் அடைக்க முடியும். மே மாதத்தில் மட்டும் நடக்கக் காரணம், ஒரே நொடியில் இரண்டு பேர் உங்கள் அறையைத் தேடுவது அப்போதுதான்.

விதியைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். ஓர் இரவுக்கு ஒரு வரி என்று டேபிள் இருக்க வேண்டும். மூன்று இரவு தங்குபவருக்கு மூன்று வரி, மூன்றும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில், ஒன்று இடித்தாலும் மூன்றும் ரத்து. வந்த தேதி, போன தேதி என்று ஒரே வரியில் வைத்தால் நடுவில் இன்னொருவர் புகுந்தாலும் இந்த விதி கண்டுபிடிக்காது. பணம் கட்டும் முன்பே அறையைப் பத்து நிமிஷத்துக்குப் பிடித்து வைக்கட்டும். பிழை வரும்போது 'இந்த அறை இப்போதுதான் போய்விட்டது, வேறு அறை பார்க்கிறீர்களா?' என்று தமிழில் காட்டட்டும். விதியைப் போடும் முன் இப்போதே இருக்கும் இரட்டைப் பதிவுகளைக் களைய வேண்டும், இல்லாவிட்டால் விதி ஏறாது. அந்தப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், வருகிற மே மாதத்துக்கும் அதில் ஒன்றிரண்டு இருக்கக்கூடும். இப்போதே போன் செய்து சொல்லிவிட்டால் அவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.